அந்தக் கை யாருடையது?

மின்கம்பத்தில் ஏறும் ஒருவரின் கை போனால், அது எத்தனை பேருக்கு இழப்பு? சட்டத்தின் விடை சுலபம்: ஒருவருக்கு. 2025 வரை நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் அதற்கென்று ஓர் அட்டவணையே இருந்தது. கை தோளோடு போனால் சம்பாதிக்கும் திறனில் 90 விழுக்காடு இழப்பு. கட்டைவிரல் மட்டுமென்றால் 30.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் வாரக்கணக்கில் இருட்டு. சேற்றில் நின்று கம்பம் நட்டவர்களைத் தெய்வம் என்றோம். அவர்கள் எப்படி அடிபடுகிறார்கள் என்பதை அதன்பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எல்.சி. வாங்கி, லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறுகிறார்கள். ஆனால் ஏதோ ஒரு வீட்டில் மெயினைத் துண்டிக்காமல் ஜெனரேட்டரை ஓட்டினால், அந்தக் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியே திரும்பி 11,000 வோல்ட்டாக மேலே நிற்கும். கம்பியை எர்த் செய்யாமல் தொட்டால் முடிந்தது. தோலில் சிறிய காயம்தான் தெரியும். உள்ளே சதை வெந்திருக்கும். கையை எடுப்பது பல நாள் கழித்து ஆஸ்பத்திரியில்.

அட்டவணை அத்தோடு முடிகிறது. வீடு அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. ஒப்பந்த வேலைக்குப் போன கணவருக்கு வலது கை இல்லை. பொத்தான் போடுவது, சோறு பிசைவது, குளிப்பாட்டுவது எல்லாம் இவள் கைதான். களையெடுக்கப் போவதும் நூறுநாள் வேலையும் நின்றுபோயின. “மகராசி, புருசனப் புள்ள மாதிரி பாக்குறா” என்கிறது ஊர். கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். “கஷ்டம்னு சொன்னா அவரு மேல பாசம் இல்லேன்னுல்ல ஆயிரும்?” என்றாள்.

பாசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் ஆளை மாற்றிவிடுகிறார்கள். அவள் கணவரிடம் கூலி கேட்கவில்லை. கடன்பட்டது கையைக் கொண்டுபோன வேலை. அவள் சிரித்துக்கொண்டு செய்தாலும் சலித்துக்கொண்டு செய்தாலும் அந்தக் கடன் ஒன்றுதான். அவளுடைய அன்பு அதைத் தள்ளுபடி செய்துவிடாது.

2010-இல் அந்தச் சட்டத்தில் ‘வொர்க்மேன்’ போய் ‘எம்ப்ளாயி’ வந்தது. பெயரிலிருந்து ஆண் வெளியேறினான். கணக்குக்குள் பெண் வரவில்லை. கணக்குப் போடத் தெரியாமலும் இல்லை. 2020-இல், சாலை விபத்தில் முடங்கிய ஒரு சிறுமிக்கு உடனிருந்து பார்ப்பவர்களின் செலவையும் சேர்த்து இழப்பீடு கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அடுத்த ஆண்டு இன்னொரு வழக்கில், இல்லத்தரசியின் வேலைக்கும் வருமானம் கணக்கிட்டது. அந்தப் பெண் விபத்தில் இறந்துபோயிருந்தாள்.

உயிரோடு இருப்பவளுக்கும் அந்தத் தொகை வர வேண்டும். மாதாமாதம், அவள் பெயரில். அதில் வேறொருவரைத் துணைக்கு வைத்துவிட்டு அவள் களையெடுக்கக் கிளம்பினாலும் சரிதான்.