4,200 கிலோமீட்டர்

பெரம்பலூரிலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். அரியலூரில் இருக்கும் அவர் தங்கைக்கு மூன்று வருஷமாக மனச்சோர்வு. இரண்டு டாக்டர், இரண்டு வகை மாத்திரை. குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கியும் பார்த்தாயிற்று. கட்டிலிலிருந்து சமையல்கட்டு வரை போவதே அந்தம்மாவுக்கு யாத்திரை மாதிரி.

"தலையில காந்தம் வெச்சு குணப்படுத்தறாங்களாமே, நிஜமா சார்?"

நிஜம்தான். ஒரு காலத்தில் விற்றார்களே காந்தப் படுக்கை, அந்தச் சமாசாரம் இல்லை. 1831ல் ஃபாரடே கண்டது: மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் பக்கத்தில் இருக்கும் கடத்தியில் மின்சாரத்தைத் தூண்டும். இங்கே கடத்தி, மூளை. 1985ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர், தலைக்கு மேல் ஒரு கம்பிச்சுருளைப் பிடித்துக் கையைத் துடிக்கவைத்தார்கள். மாத்திரைக்கு மசியாத மனச்சோர்வுக்கு அமெரிக்கா இதை அனுமதித்தது 2008ல். இடது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியை 'டக் டக்' என்று தட்டி எழுப்புகிறார்கள். மயக்க மருந்து கிடையாது. முடிந்ததும் எழுந்துபோய் பஸ் பிடிக்கலாம். சுமார் பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றம். மற்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை. வலிப்பு வருவது அபூர்வம், ஆனால் உண்டு. தலைக்குள் உலோகம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோய் மிக முற்றிய நிலையில், மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஷாக் ட்ரீட்மென்ட்தான் இன்னும் கெட்டி.

சிக்கல் அந்த பஸ்ஸில்தான். வாரத்துக்கு 5 நாள், 6 வாரம். திருச்சியில் கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். அரியலூரிலிருந்து சுமார் 70 கி.மீ. போக வர 140. முப்பது நாளைக்கு 4,200. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரும் தேசிய நெடுஞ்சாலையின் நீளமே இதைவிடக் குறைவுதான்! 2018க்குப் பிறகு மூன்றே நிமிஷத்தில் முடியும் முறையும் வந்துவிட்டது. மூன்று நிமிஷத்துக்காக நாள் பூரா பஸ். கால் ஒடிந்தவனை நடந்து வந்து கட்டுப் போட்டுக்கொள் என்கிற மாதிரி.

நண்பரின் அடுத்த கேள்விதான் என்னைப் படுத்தியது. "இதை அவகிட்ட சொல்லலாமா? சொல்லிட்டு, முடியலைன்னா?"

எட்டாத மருந்தின் பெயரைச் சொல்வது ஆறுதலா, கொடுமையா? சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். கருணை என்று நினைத்துக்கொண்டு. போனை வைத்த பிறகு உறுத்தியது. புற்றுநோய் என்றால் இப்படி யோசிப்போமா? நிலத்தை விற்றாவது சென்னைக்குக் கூட்டிப்போவோமே. மனசு என்றால் மட்டும் 'அவளால் தாங்க முடியாது' என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

சட்டம் நம்மைவிடத் தேவலை. 2017ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18வது பிரிவு, மனநோயாளி சிகிச்சைக்காக நெடுந்தூரம் அலையக் கூடாது, வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்கிறது. அதற்காக நாளைக்கே தாலுகா ஆஸ்பத்திரியில் காந்த மெஷின் வந்து இறங்காது. அப்படி அது சொல்லவும் இல்லை. ஆனால் தொடர்ந்து பார்க்கிற ஒரு மனநல டாக்டர், தடைபடாமல் மாத்திரை, இவ்வளவாவது பக்கத்தில் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. இதில் இன்னொன்று: 'மசியாத' நோய் என்று பேர் வாங்கியவற்றில் பல, சரியாக வைத்தியம் பார்க்கப்படாதவை. டோஸ் போதாமல் இருக்கும், பாதியில் நிறுத்தியிருப்பார்கள், தைராய்டு டெஸ்ட் பண்ணியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் நானே போன் செய்து, "நேத்து தப்பா சொல்லிட்டேன், அவங்ககிட்டயே கேளுங்க" என்றேன்.

கேட்டிருக்கிறார். அந்தம்மா ரொம்ப நேரம் பேசவில்லையாம். அப்புறம், "இத்தனை நாளா இது உனக்குத் தெரியுமாண்ணே?" என்றாராம். "முடியாதுன்னு நீங்களா எதுக்கு முடிவு பண்றீங்க?"

மாடத்தில் மூன்று வருஷத்து மருந்துச் சீட்டுகள் கலைந்து கிடந்தன. அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அரியலூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அண்ணனும் தங்கையும் போகிறார்கள். காந்தம் வேண்டுமா என்பதை, சீட்டுகளைப் பார்த்த பிறகு அங்கேயே கேட்பதாக ஏற்பாடு.