வெளியேறுவது மாத்திரம் விடுதலையாகுமா?



ஓரிடம் கெட்டுவிட்டதென்று கண்டால் அதைவிட்டு விலகுவது முறையா, அல்லது அங்கேயே நின்று அதைத் திருத்த முயல்வது முறையா? இது புதிய வினா அன்று. சங்கங்களிலும் தொழிலிடங்களிலும் குடும்பங்களிலுங்கூட மனிதர் இதனைச் சந்தித்தே வந்துள்ளனர். இன்று இதே வினா கைத்தொலைபேசியின் வழியாக நம் இளைஞர் முன் வந்து நிற்கிறது. அவர்களுக்கு நாம் என்ன விடை கூறப்போகிறோம்?

நடந்தது யாதெனில், 2022 ஒக்டோபர் 27 ஆந் திகதி எலொன் மஸ்க் என்னும் செல்வந்தர் 4,400 கோடி டொலருக்கு ருவிட்டர் நிறுவனத்தை வாங்கினார். சில நாட்களுள் ஊழியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் நீக்கப்பட்டனர். முன்னர் தடைசெய்யப்பட்டிருந்த கணக்குகள் பல மீளத் திறக்கப்பட்டன. 2023 யூலையில் அதன் பெயரும் எக்ஸ் என மாற்றப்பட்டது. அங்கே ஆண்டுக்கணக்காக எழுதியும் உரையாடியும் வந்த கோடிக்கணக்கான மக்களிடம் இந்த விற்பனை பற்றி எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

திருகோணமலையில் வாழும் நமக்கு இக்கதை விளங்காத ஒன்றன்று. 1782 ஆம் ஆண்டு ஒன்றினுள்ளேயே நம் துறைமுகம் இருமுறை கைமாறியது. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தனர். ஓகஸ்ட் முடிவில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். பின்னர் அது மீண்டும் ஒல்லாந்தருக்கே போயிற்று. கரையில் வலை காயவிட்டிருந்தவனிடம் யாரும் சம்மதம் கேட்டதாக வரலாறு இல்லை. எல்லாரும் ஒரே துறையை நம்பியிருக்கும்போது, அத்துறையின் வாயைப் பிடித்தவனே எல்லாருக்கும் எசமானாகிறான்.

எக்ஸை விட்டுச் சென்றோரிற் பலர் மஸ்டொடன் என்னும் வலையமைப்பை நாடினர். இதனை 2016 இல் ஜெர்மனியைச் சேர்ந்த இயூஜின் ரொச்கோ என்னும் இளைஞர் தொடங்கினார். இதன் அமைப்பை விளங்கிக்கொள்ளத் தபாற் சேவையை எண்ணிப் பாருங்கள். 1874 இல் உலகத் தபாற் சங்கத்துக்கு அடிகோலப்பட்டது. ஒவ்வொரு நாட்டுக்கும் சொந்தத் தபாற் கந்தோர், சொந்த முத்திரை, சொந்த ஊழியர் உண்டு. எனினும் பொதுவான விதிகளை எல்லாரும் ஏற்றுக்கொண்டபடியால் திருகோணமலையில் இட்ட கடிதம் ரொறன்ரோவிற் போய்ச் சேர்கிறது. மஸ்டொடனும் அவ்வாறே. ஆயிரக்கணக்கான சிறு குழுக்கள் தத்தமக்கென வழங்கி எனப்படும் கணனியை வைத்து, தத்தம் விதிகளை வகுத்து நடத்துகின்றன. 2018 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு பொது விதிமுறை அவற்றை இணைக்கிறது. ஒரு குழுவின் நடத்தை பிடிக்காதவர், தம்மைப் பின்தொடர்வோரைக் கைவிடாமலே வேறொரு குழுவுக்குக் குடிபெயரலாம். எல்லாவற்றுக்கும் ஒரே உரிமையாளர் என்று எவரும் இல்லை.

இந்தியாவில் இத்தகைய வெளியேற்றம் முன்னரே நிகழ்ந்தது. 2019 இன் பிற்பகுதியில் உச்சநீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ருவிட்டர் கணக்கு முடக்கப்பட்டது. நாஸிகளின் காலத்தில் பெருங்கூட்டத்தின் நடுவே தனியொருவர் கையுயர்த்தி வணங்க மறுத்து நிற்கும் புகழ்பெற்ற புகைப்படத்தை அவர் தம் பக்கத்தில் இட்டிருந்தமை முதற் காரணமாயிற்று. அதே நாட்களில் தலித் எழுத்தாளரும் செயற்பாட்டாளரும் அத்தளம் தம்மைப் பாகுபாட்டுடன் நடத்துகிறதென்று குற்றஞ்சாட்டினர். நவம்பரில் திரளானோர் மஸ்டொடனுக்குச் சென்றனர். எனினும் அந்த அலை விரைவிலேயே தணிந்தது. மூன்று ஆண்டுகளின் பின், மஸ்க் ருவிட்டரை வாங்கிய வேளையில், மஸ்டொடனின் பயன்பாட்டாளர் தொகை 25 இலட்சத்தைத் தாண்டியது. சில மாதங்களில் அதுவும் கணிசமாகக் குறைந்தது. போனவர்கள் ஏன் திரும்பினர் என்பதை ஆராயாமல், போனது சரியா பிழையா என்று தீர்ப்புக் கூறுவது பொருந்தாது.

முதலில், போவதற்கு நியாயமான காரணம் உண்டு என்பதை நாம் ஏற்றேயாக வேண்டும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்பைத் தூண்டும் பதிவுகள் அந்நாட்களில் முகநூல் வழியே நாடெங்கும் ஓடின. அது பற்றிப் பலர் முறையிட்டும் உரிய கவனம் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 மே மாதத்தில், அந்நிறுவனம் தன் தளத்தினால் விளைந்த தீங்குக்காக மன்னிப்புக் கேட்டது. எரிந்த வீடுகளுக்கு அம்மன்னிப்பு எந்த அளவிற் பயன்பட்டது என்பதை வாசகர்களே கூறுவீர்களாக. தூரதேசத்து நிறுவனமொன்றுக்குச் சிங்களமும் தமிழும் சிறு சந்தைகள். நம் மொழி தெரிந்த கண்காணிப்பாளரை வேண்டிய அளவுக்கு அமர்த்துவது அதன் கணக்கில் செலவு மாத்திரமே.

ஒரே வாயில் உள்ள வீட்டை அரசும் எளிதிற் பூட்டலாம். 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆந் திகதியும் இலங்கையில் சமூக வலைத்தளங்கள் தடுக்கப்பட்டன. தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் வேறு வேறு. ஆனால் கட்டாரில் வேலைசெய்யும் மகனின் முகத்தை வட்ஸ்அப்பிற் பார்த்து வந்த தாய்க்கு, கதவடைத்தவர் யாரென்பதால் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

இந்தத் தாயை நினைக்கும்போதே மறுபக்கத்து நியாயமும் நம்மை எதிர்கொள்கிறது. அவர் எங்கே போவார்? மகன் இருக்கும் இடத்திலேயே அவரும் இருக்க வேண்டும். மகனோ தன் தோழர்களும் முகவர்களும் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். நம் ஏழை மக்களிற் பலர் வாங்குவது குறிப்பிட்ட சில செயலிகளுக்கு மாத்திரம் செல்லுபடியாகும் மலிவான டேற்றாப் பொதிகளை. புதிய இடந்தேடிப் போக ஆங்கில அறிவும் ஓய்வு நேரமும் துணைக்கு நண்பரும் வேண்டும். ஆகவே முதலிற் போகிறவர்கள் படித்தவர்கள், தங்கிவிடுகிறவர்கள் வாயற்றவர்கள்.

அல்பேர்ட் ஹேர்ஷ்மன் என்னும் பொருளியல் அறிஞர் 1970 இல் வெளியிட்ட நூலொன்றில் இதனை ஆராய்ந்தார். நைஜீரியாவில் புகையிரத சேவை சீர்கெட்டிருந்தது. உரத்துக் குரலெழுப்பக் கூடிய வாடிக்கையாளர் யாவரும் லொறிகளுக்கு மாறிவிட்டமையால், அதைத் திருத்தும்படி வற்புறுத்துவோர் இல்லாமற் போயினர். சேவை மேலும் கெட்டது என்று அவர் கண்டார். கிராமத்துப் பாடசாலையிலிருந்து வசதியுள்ள பெற்றோர் தம் பிள்ளைகளை நகரத்துப் பாடசாலைக்கு மாற்றியபின் நடப்பதை நாம் கண்ணாற் கண்டிருக்கிறோம் அல்லவா? பொய்ச் செய்தியைக் கண்டவுடன் “இது பொய்” என்று எழுதக் கூடிய பத்துப்பேர் ஒரு தளத்தை விட்டுப் போனால், அங்கே எஞ்சியிருக்கும் ஆயிரம்பேருக்கு அதைச் சொல்ல யார் இருப்பர்?

இன்னொன்றையும் கவனியுங்கள். சிறிய வீடு என்பதனாலேயே அது நல்ல வீடாகிவிடாது. 2019 யூலையில், வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்பெற்ற காப் என்னும் அமெரிக்கத் தளம் மஸ்டொடனின் மென்பொருளையே எடுத்துத் தன் தளத்தை அமைத்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்த பொருளைத் தீயவரும் எடுத்துக்கொள்ளலாம். மற்றைய குழுக்களிற் பல அதனோடு தொடர்பைத் துண்டித்தன. காப் அழியவில்லை, ஆனால் தனித்துவிடப்பட்டது. ஒவ்வொரு குழுவும் தானே தீர்மானித்துக் கதவை மூடியது என்பதே இங்கு குறிப்பிடத்தக்கது.

அதுபோலவே, 2022 இல் ஆயிரக்கணக்கானோர் கணக்கு வைத்திருந்த ஒரு மஸ்டொடன் வழங்கி மூடப்பட்டது. அதனைத் தனியொருவரே சுமந்து நடத்தி வந்தார். சொந்த வாழ்வின் பாரங்களிடையே தம்மால் இனித் தொடர முடியாதென்று அவர் அறிவித்தார். அவரைக் குறைகூற நமக்கு என்ன உரிமை? ஆயிரக்கணக்கானோர் தங்கியிருந்த வீட்டின் கூரையை ஒருவரே தாங்க வேண்டியிருந்ததல்லவா குறை?

கரைவலைத் தொழிலை அறிந்த நம் வாசகர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. பொருளியலுக்கான நோபல் பரிசை 2009 இல் பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம் அம்மையார், பொதுச் சொத்துக்களை மக்கள் தாமே பராமரிப்பது பற்றி 1990 இல் எழுதிய நூலிலே, தென்னிலங்கையின் மாவெல்ல என்னும் மீனவக் கிராமத்தைக் குறிப்பிடுகிறார். கரையில் இடம் குறைவு. ஆகவே முறைவைத்து வலை இழுத்தனர். அம்முறை நியாயமானதே. ஆனால் புதிய வலைகள் சேர்வதைக் கட்டுப்படுத்த இருந்த சட்டம் செயற்படுத்தப்படவில்லை. வலைகள் பெருகின; ஒருவரின் முறை வரும்வரையான இடைவெளி நீண்டது; ஒவ்வொரு பங்கும் தேய்ந்தது. எசமான் இல்லாத கரையிலும், விதியைக் காப்பதற்கு ஆளில்லாவிட்டால் எல்லாரும் இழப்பர் என்பதே அக்கிராமம் தரும் பாடம்.

அப்படியானால் முடிவு யாது? வெளியேறுவது தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. வெளியேறுகிறவன் எதைத் தோளிற் சுமந்துகொண்டு போகிறான் என்பதே அதன் அறத்தை நிர்ணயிக்கிறது. கெட்ட எசமானை விட்டு நல்ல எசமானைத் தேடிப் போகிறவன் விடுதலை பெறவில்லை. ஆளை மாற்றிக்கொண்டான், அவ்வளவே. 2024 இன் இறுதியில் இலட்சக்கணக்கானோர் புளூஸ்கை என்னும் தளத்துக்குச் சென்றனர். அதுவும் பரவலான அமைப்பையே நோக்கமாகக் கொண்டது. எனினும் அங்கு போனோரிற் பெரும்பாலோர் தங்கியிருப்பது அந்தக் கம்பனியின் வழங்கிகளிலேதான். மஸ்டொடனுக்குப் போய்த் திரும்பியோரிற் பலரும், இலவசமாய்ப் பரிமாறப்படும் வீட்டை எதிர்பார்த்துச் சென்றனர். தாமே கூட்டித் துப்புரவாக்க வேண்டிய வீடு என்று கண்டபோது மனந்தளர்ந்தனர்.

1931 இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் தம் சுற்றுமடலிலே, சிறிய சமூகம் தானே செய்யக் கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று போதித்தார். அரசுக்குச் சொல்லப்பட்ட இந்நெறி இன்றைய பெரிய வலைத்தளங்களுக்கும் பொருந்தும். ஆனால் அந்நெறிக்கு மறுபுறமும் உண்டு. தன்னால் செய்யக் கூடியதைச் சிறிய சமூகம் செய்யத்தான் வேண்டும்.

தமிழர் இதனைச் செய்ய இயலாதவர்கள் அல்லர். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் உலகெங்குமுள்ள தொண்டர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைக் கணனியில் ஏற்றியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஓரிடத்தில் மாத்திரம் வைத்திருப்பது என்றால் என்ன என்பதை நாம் கற்றுக்கொண்டோம். 2005 இல் தன்னார்வலர் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இன்றும் காத்து வருகிறது. இதற்கு மாறாக, யாகூ நிறுவனத்தின் குழுமங்களில் மரத்தடி முதலான தமிழ்க் குழுக்கள் ஆண்டுக்கணக்காக எழுதின. 2020 டிசெம்பரில் யாகூ தன் குழுமங்களை முற்றாக மூடியது. பிரதி எடுத்து வைத்தோரிடம் மாத்திரமே அவ்வெழுத்துக்கள் மிஞ்சின.

ஆகவே, எக்ஸையோ முகநூலையோ விட்டுப் போக எண்ணும் இளைஞருக்கு மூன்று வினாக்களை வைக்கிறோம். முதலாவது, புதிய வீட்டின் செலவிலும் வேலையிலும் உங்கள் பங்கு என்ன? இரண்டாவது, அங்கே ஒருவரையொருவர் எவ்வாறு நடத்துவது என்று எழுதிவைத்த விதி உண்டா, அதைக் காப்பது யார்? மூன்றாவது, வரமுடியாமற் பின்தங்கியவர்களோடு பேச ஒரு வழியைத் திறந்து வைத்தீர்களா? இவற்றுக்கு விடை உள்ளவர் தாராளமாகப் போகலாம். விடையில்லாதவர் இருக்கும் இடத்திலேயே இருந்து, பொய்யைப் பொய்யென்று சொல்லும் சிறு பணியைச் செய்தாலும் அது பெரிது.

போகவே முடியாத நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் மீனவர் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், மரண சகாய நிதிகள் பலவற்றின் செய்திகளும் படங்களும் அங்கத்தவர் விபரங்களும் இன்று ஒரு முகநூற் பக்கத்திலோ ஒருவரின் கைத்தொலைபேசியிலோ கிடக்கின்றன. அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து முடிந்தபின் எவராவது எழுந்து கேட்கட்டும்: இவற்றின் பிரதி வேறெங்கே இருக்கிறது? திறப்பு யார் கையில்? அவர் இல்லாதபோது யார் கையில்? விடை கிடைக்கும்வரை கூட்டத்தை முடிக்க வேண்டாம்.