தேர் போகும் வழி

2025 நவம்பர் 7 அன்று கர்நாடக வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே, பந்திப்பூரிலும் நாகரஹொளெயிலும் சஃபாரியை நிறுத்தி வைக்க உத்தரவிட்டார். காட்டோர ஊர்களில் ஒரு மாதத்துக்குள் புலி தாக்கி மூன்று பேர் செத்திருந்தார்கள். சஃபாரியில் இருக்கும் ஆட்களைப் புலியைத் தேடும் வேலைக்குத் திருப்ப வேண்டும் என்றது அரசு. ஜீப்புகளும் ரிசார்ட் விளக்குகளும்தான் விலங்குகளை வயலுக்கு விரட்டுகின்றன என்றார்கள் விவசாயிகள். யார் சொன்னது சரி என்பதை விலங்கியல் படித்தவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். பெங்களூரில் வார இறுதிக்கு அறை பதிந்து வைத்திருந்தவர்களின் கவலை வேறு: கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

அதே ஆண்டு மே 5 அன்று, அதே நாகரஹொளெக்குள் 52 குடும்பங்கள் நடந்தே போயின. ஜேனு குறுபர்கள். கன்னடத்தில் ஜேனு என்றால் தேன். நம் நீலகிரிப் பக்கத்துத் தேன் குறும்பருக்கும் காட்டுநாயக்கருக்கும் உறவானவர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தங்களை வெளியேற்றிய கரடிக்கல்லு அத்தூர் கொல்லி என்ற தங்கள் ஹாடிக்கே, அதாவது குடியிருப்புக்கே, அவர்கள் திரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தை குடகு காப்பித் தோட்டங்களின் லைன் வீடுகளில் கூலிகளாகக் கழித்தவர்கள் அவர்கள். மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு குடிசை போட்டார்கள். வனத்துறையும் காவல்துறையும் வந்து வெளியேறச் சொன்னன. சட்டம் இருக்கிறதே என்றார்கள் அவர்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, உரிமைக் கோரிக்கைகள் பரிசீலிக்கப்பட்டு முடியும்வரை காட்டுவாசி யாரையும் வெளியேற்றக் கூடாது.

ஒரே காடு, ஒரே ஆண்டு. சஃபாரி நிறுத்தப்படும்வரை, பணம் கட்டியவர் காலை ஆறு மணிக்கு ஜீப்பில் உள்ளே போக முடிந்தது. அங்கே பிறந்தவர் போனால் அத்துமீறல். இதில் தராசு தூக்கி நீண்ட நேரம் யோசிக்க ஒன்றுமில்லை. வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டு விருந்தாளியை உள்ளே அழைத்துப் போகும் பயணம், எவ்வளவு பண்பாகவும் பசுமையாகவும் நடத்தப்பட்டாலும், அறமாகாது.

இந்த அழைப்பு எவ்வளவு அழகாக வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெங்களூரிலிருந்து புறப்படும் கோல்டன் சாரியட், அதாவது பொன் தேர் என்ற சொகுசு ரயில் 2008இல் ஓடத் தொடங்கியது. பல ஆண்டு நின்றும் ஓடியும் இழுபறியான பிறகு 2024 டிசம்பரில் ஐஆர்சிடிசி அதை மறுபடி ஓட்டியது. ஊதா நிறப் பெட்டிகளில் பொன் வரிகள். பந்திப்பூரில் காடு, மைசூரில் அரண்மனை, ஹளேபீடில் சிற்பம், ஹம்பியில் இடிபாடு, கடைசியில் கோவா. ஐந்து இரவு, ஆறு பகலுக்கு அறிவித்த கட்டணம் 4,00,530 ரூபாய், ஜிஎஸ்டி தனி. உணவகங்களுக்கு நளன், ருசி என்றும் மதுக்கூடத்துக்கு மதிரா என்றும் பெயர். (நாடிழந்து காட்டில் அலைந்து, கட்டிய மனைவியை நடுக்காட்டில் விட்டுப் போனவன் நளன். சமையல்காரன் என்பது மட்டும் ரயிலுக்கு நினைவிருக்கிறது.) பெட்டிகளுக்குக் கதம்பர், ஹொய்சளர், ராஷ்டிரகூடர், கங்கர், சாளுக்கியர், பாமினி, சங்கமர், யதுகுலம் என்று கர்நாடகத்தை ஆண்ட வம்சங்களின் பெயர்கள். ஆண்டவர்கள் எல்லோருக்கும் ஒரு பெட்டி உண்டு. வழியில் வரும் காட்டில் இருந்தவர்களுக்கு ஒரு பெட்டி இல்லை.

இந்த நோய் நமக்கு மட்டுமா? வசதி படைத்த பெங்களூர்க்காரர்கள் இப்போது பெரு நாட்டுக்கும் போகிறார்கள். குஸ்கோ பக்கமிருந்து மச்சு பிச்சு இடிபாடுகளை நோக்கி ஒரு சொகுசு ரயில் ஓடுகிறது. அதன் பெயர் ஹிராம் பிங்காம். 1911இல் அந்த நகரைக் 'கண்டுபிடித்த' அமெரிக்கப் பேராசிரியர் அவர். மலைக்கு வழி காட்டியது மெல்ச்சோர் அர்த்தேகா என்ற உள்ளூர் விவசாயி. கிடைத்த கூலி ஒரு சோல். மேலே போய்ப் பார்த்தால் அங்கே இரண்டு குடும்பங்கள் இன்கா காலத்துப் படிக்கட்டு வயல்களிலேயே பயிர் வைத்துக்கொண்டிருந்தன. அந்த வீட்டுச் சிறுவன் ஒருவன்தான் பிங்காமின் கையைப் பிடிக்காத குறையாக இடிபாடுகளைச் சுற்றிக் காட்டினான். ரயில் யார் பெயரில் ஓடுகிறது பாருங்கள். அங்கே போய் இன்கா மக்களுக்காகக் கண் கலங்கித் திரும்புகிறவர்களுக்கு, தங்கள் வீட்டிலிருந்து சுமார் 220 கிலோமீட்டரில் இருக்கும் கரடிக்கல்லுவின் பெயர் தெரிவதில்லை.

வழிகாட்டியோடு போகும் பயணம் தமிழுக்குப் புதிதல்ல. ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையையே அதற்கென வைத்திருந்தவர்கள் நாம். பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், நன்னனின் மலைநாட்டுக்குப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறது. எங்கே வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல் எந்தப் பக்கம் பறந்து வரும் என்றெல்லாம் எச்சரிக்கிறது. தெய்வம் உறையும் இடங்களில் வணங்குவதைத் தவிர வாத்தியத்தைத் தொடக் கூடாது என்றும் சொல்கிறது. பயணிக்கு ஒழுக்க விதி! ஆனால் அந்த நூலின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. மலையில் குறவர் குடியிருப்பு வரும், நன்னனின் கூத்தர் என்று சொல்லி உறவுக்காரர் வீடுபோல உள்ளே போங்கள், மூங்கிலில் முதிர்ந்த தேறலும் தினைச்சோறும் இறைச்சியும் தருவார்கள் என்கிறது. அங்கே விருந்து தருபவர் குறவர். பெறுபவர் பயணி. மலைக்கு உரியவர் யார் என்பதில் புலவருக்கும் ஐயமில்லை, மன்னனுக்கும் ஐயமில்லை.

கம்பனிலும் அப்படித்தான். காட்டுக்குள் வரும் இராமனைக் கங்கைக்கரையில் குகன் தேனும் மீனும் கொண்டுவந்து எதிர்கொள்கிறான். முடி துறந்து வந்த அரசகுமாரன் அந்த வேடனைத் தம்பியாக்கிக்கொள்கிறான். தேன் கொண்டுவருபவன் வரவேற்கும் இடத்தில் இருக்கிறான், வேடிக்கைப் பொருளாக இல்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி விண்ணுக்குப் போனதைக் கண்ட சாட்சிகள் மலைக்குறவர்கள்தான். அவர்கள் சொல்லைக் கேட்டுத்தான் செங்குட்டுவன் இமயத்துக்குக் கல்லெடுக்கக் கிளம்பினான். காட்டுவாசியின் வாக்குமூலத்தை நம்பி ஒரு பேரரசன் படை நடத்தியிருக்கிறான். இன்று அவர்கள் கொடுக்கும் வன உரிமை மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, நீங்கள் இங்கே இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். முன்னோர் புதைந்த இடமும் குலதெய்வம் இருக்கும் இடமும் அவர்களுக்கு ஆதாரம். கோப்புக்கு அது போதுவதில்லை.

விருந்தோம்பல் அதிகாரத்தில் வள்ளுவர், விருந்தாளி வெளியே இருக்கும்போது சாவா மருந்தே ஆனாலும் தனியே உண்ணாதே என்றார். விருந்தாளி உள்ளே உண்ண, வீட்டுக்காரர் வெளியே நிற்கும் நிலை வரும் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் கொடுங்கோன்மையில் அதற்கும் வழி வைத்திருக்கிறார். அதிகாரத்தின் கோலை ஏந்திக்கொண்டு கேட்பவனை, வேலேந்தி வழிமறிப்பவனோடு சேர்த்து நிறுத்தியவர் அவர்தான்.

நாகரஹொளெயில் இது கற்பனைக் குற்றச்சாட்டும் அல்ல. 1990களில் காட்டுக்குள்ளிருந்த முர்கல் விடுதிகளைத் தாஜ் குழுமத்தைச் சேர்ந்த கேட்வே ஹோட்டல்ஸுக்கு மாநில அரசு குத்தகைக்கு விட்டது. பழங்குடிகளை 'வனவிலங்கின் நலனுக்காக' வெளியே போகச் சொல்லிக்கொண்டிருந்த அதே காலம். உரிமைச் சமிதி அமைத்து அவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 1997இல் தீர்ப்பு வந்தது: குத்தகை வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம், செல்லாது. மூங்கில் வெட்டவும் தேன் எடுக்கவும் தெரிந்தவர்கள் அன்று சட்டத்தையும் எடுத்துக் காட்டினார்கள். வென்றதும் ஹாடிக்குத் திரும்பினார்களா? இல்லை. பேராசிரியர் முசாஃபர் அஸ்ஸாதி குழு 2014இல் தந்த அறிக்கை, வெளியேற்றப்பட்டு மறுவாழ்வுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் 3,418 என்று எண்ணிச் சொன்னது.

கபினிக்கரையில் ஒரு சொகுசு விடுதி இருக்கிறது. அதன் பெருமையே, குறுபர் ஹாடியின் மாதிரியில் குடிசைகள் கட்டியிருப்பதுதான். கூரை வேய்ந்த முகப்பு, மண் நிறச் சுவர். உள்ளே குளிரூட்டி, முற்றத்தில் தனி நீச்சல் குளம். ஓர் இனத்தின் வீட்டைக் கலைத்துவிட்டு, அந்த வீட்டின் உருவத்தை மட்டும் ஓர் இரவுக்கு வாடகைக்கு விடுவதற்கு என்ன பெயர் வைப்பது? கட்டியவர்கள் கெட்டவர்கள் அல்ல. அந்தக் கூரையை உண்மையிலேயே அழகென்று நினைத்தவர்கள்தான். அதுதான் இன்னும் சங்கடம்.

காட்டிலிருந்து ரயில் ஹம்பிக்குப் போகிறது. ரயிலுக்குப் பெயர் கொடுத்தது அங்கே விட்டலர் கோயிலில் நிற்கும் கல்தேர். நம் எல்லோர் சட்டைப் பையிலும் ஐம்பது ரூபாய் நோட்டின் பின்புறம் இருப்பது அது. உண்மையில் தேரே அல்ல, தேர் வடிவில் அமைத்த கருடன் சன்னதி. நகராத தேரைப் பார்க்க ஓடுகிற தேரில் போகிறார்கள். விரூபாட்சர் கோயிலுக்கு முன் நீளும் கடைத்தெருவில் பழைய மண்டபங்களை ஒட்டிக் குடும்பங்கள் வாழ்ந்தன. இட்லிக் கடை, துணிக்கடை, வாடகைச் சைக்கிள். 2011 ஜூலையில் முந்தின நாள் குறி போட்டு, மறுநாள் காலை புல்டோசர் வந்தது. 300க்கும் மேற்பட்ட குடும்பங்கள். மாற்று இடம் கத்திராம்புரத்தில். துங்கபத்திரைக்கு அக்கரையில் விருபாபுர கட்டியில் எழுந்த ரிசார்ட்டுகளும் சட்ட விரோதம்தான். உயர் நீதிமன்றம் 2015இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் வரை மேல்முறையீடு நடந்து 2020இல்தான் இடித்தார்கள். இட்லிக் கடைக்கு ஓர் இரவு, ரிசார்ட்டுக்கு ஐந்து ஆண்டு. சட்டம் ஒன்றுதானே?

கல்யாண நகரில் இருந்து பேசிய கன்னடக் கவி பசவண்ணர் இதற்கு எட்டு நூற்றாண்டுக்கு முன்பே பதில் சொல்லியிருக்கிறார். செல்வர் கட்டும் கோயில் ஒரு பக்கம், ஏழையின் உடலே கோயிலாக ஒரு பக்கம் வைத்து, நிலையாக நிற்பது அழியும், நடமாடுவது அழியாது என்ற கருத்தில் அவர் சொன்ன வசனம் கன்னட நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஹம்பியில் நிற்பதைக் காப்பாற்ற நடமாடுவதை அகற்றினார்கள். போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ் வந்தபோது வியந்தது இந்நகரின் கடைவீதி நெரிசலைத்தான். இப்போது மனிதர் இல்லாத கடைத்தெருவை மரபு என்று காட்டுகிறோம்.

மறுபக்கத்திலும் நியாயம் உண்டு. சஃபாரி நின்றதும் டிரைவர்களும் வழிகாட்டிகளும் ரிசார்ட் சமையலறைப் பெண்களும் சம்பளம் இழந்தார்கள், அவர்களில் காட்டோர ஏழைகள் பலர். சுற்றுலா வருமானம் இல்லாவிட்டால் அந்தக் காடு சுரங்கத்துக்கோ தோட்டத்துக்கோ போயிருக்கும் என்பதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் வேலைக்காரனாக மட்டும் வா, உரிமையாளனாக வராதே என்று சொல்கிற ஏற்பாட்டில் கிடைக்கும் சம்பளத்தைக் காட்டி அறத்தை நிறுக்க முடியாது.

தேர் என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது இரண்டு தேர்கள். படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குப் பாரி விட்டு வந்த தேர் ஒன்று. தெருவில் கன்றைக் கொன்றதற்காக, தன் மகன் மேலேயே சோழன் ஓட்டிய தேர் ஒன்று. முதலாமவன் செடிக்காக இறங்கி நடந்தான். இரண்டாமவன், பசு அடித்த மணியைக் கேட்டதும் வெளியே வந்தான். இரண்டு கதையிலும் தேரில் இருந்தவனே இழந்தான். பொன் தேரில் ஏறுபவர்களிடம் யாரும் மகனைக் கேட்கவில்லை, தேரையும் கேட்கவில்லை. ஹாடிகளின் கிராமசபை சம்மதித்ததா, இந்தச் சீட்டில் அவர்களுக்குப் பங்கு எவ்வளவு என்று பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேட்கலாம். பதில் வராவிட்டால், பக்கத்து ஊர்க் குளக்கரைக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம். காடு பார்க்காமல் போனால் யாரும் செத்துவிடுவதில்லை.

2020 முதல் மைசூர் தசராவில் 750 கிலோ பொன் அம்பாரியைச் சுமந்து வந்தது, நாகரஹொளெக் காட்டின் மத்திகோடு முகாமைச் சேர்ந்த அபிமன்யு என்ற யானை. தசரா யானைகளின் பாகர்களிலும் காவாடிகள் எனும் உதவிப் பாகர்களிலும் பலர் ஜேனு குறுபர்கள். காகனகோட்டையில் 1971வரை நடந்த கெட்டாக்களில், அதாவது யானைப் பிடிப்புகளில், யானையை மடக்கியவர்களின் பேரப்பிள்ளைகள். ஊர்வலத்துக்கு அவர்களுக்குப் பட்டுத் தலைப்பாகை கொடுப்பார்கள். முடிந்ததும் யானைகளை லாரியில் ஏற்றுவார்கள், பாகர்களும் கூடவே ஏறுவார்கள். வனத்துறைச் செக்போஸ்ட்டில் யானைக்கு வழி திறக்கும். யானைக்காரருக்கும் திறக்கும், பணியாளர் பட்டியலில் பெயர் இருக்கிறது.

ஹாடிக்குப் போக வேண்டுமென்று பின்னால் நடந்து வருகிறவருக்குத்தான் திறக்காது.