முன்வைத்த காலைப் பின்வைக்கலாமா?



"முன்வைத்த காலைப் பின்வைக்கக் கூடாது" என்ற பேச்சைக் கேட்டுத்தான் நாம எல்லாரும் வளர்ந்திருப்போம். கல்யாணப் பேச்சு, வீடு கட்டுறது, வேலை மாறுறது, எதுவா இருந்தாலும் வீட்டுப் பெரியவங்க வாயில் இந்த வரி வந்துவிடும். வள்ளுவரும் 'தெரிந்துசெயல்வகை' அதிகாரத்தில், இறங்கினதுக்கு அப்புறம் யோசிச்சுக்கலாம் என்று நினைப்பதைக் கண்டிக்கிறார். சரி. நல்லா யோசிச்சுத்தான் இறங்கினோம், ஆனா பாதி வழியில் கணக்கு தப்புன்னு தெரியுது. அப்போ என்ன செய்யணும்? அதுவும், நம்மை நம்பி ஆயிரக்கணக்கான பேர் பின்னாலேயே வந்து நிற்கும்போது?

இந்தக் கேள்வி எனக்கு வியட்நாம் சரித்திரம் படிக்கும்போது வந்தது. 1954-ல் தியன் பியன் பூ என்ற இடத்தில் நடந்த முற்றுகை பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீங்க. பிரெஞ்சு ஆட்சி இந்தோசீனாவை விட்டுப் போகக் காரணமான முற்றுகை அது. 56 நாள் சண்டை பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, சண்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால், ஜனவரி 26-ம் தேதி நடந்த ஒரு கூட்டம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். 1945 செப்டம்பர் 2-ல் ஹோ சி மின் சுதந்திரம் அறிவித்தார். பிரான்ஸ் அதை ஏற்கவில்லை. 1946 டிசம்பரில் முழுப்போர் மூண்டது. ஏழு வருஷம் இழுத்த பிறகு, 1953 நவம்பர் 20-ல் பிரெஞ்சுத் தளபதி நவார், லாவோஸ் எல்லை ஓரம் இருந்த ஒரு பள்ளத்தாக்கில் பாராசூட் படையை இறக்கிக் கோட்டை அமைத்தார். சுற்றிலும் மலை, நடுவில் விமான ஓடுதளம். வியட்நாம் படை அந்த மலைக்காட்டுக்குள் பெரிய பீரங்கிகளைக் கொண்டுவர முடியாது என்பது அவர் தரப்பின் நம்பிக்கை.

கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல் எடை. கடைசி 15 கிலோமீட்டர் மலைச்சரிவில் லாரி போகாது. ஆட்கள் வடம் பிடித்து, பெரும்பாலும் ராத்திரியில், கையாலேயே இழுத்தார்கள். தேர் இழுத்த அன்பர்களுக்கு இது சட்டென்று புரியும். மேட்டில் இழுப்பது வெறும் பலம். சரிவில் ஓடாமல் பிடித்து நிறுத்துவதுதான் உயிரைக் கையில் பிடிக்கிற வேலை. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் கண் ஒரு நொடி அசந்தாலும் போச்சு.

திட்டம் 'வேகமாக அடி, வேகமாக வெல்'. இரண்டு நாள், மூன்று இரவுகளில் முடித்துவிடலாம் என்று கணக்கு. எதிரி இன்னும் முழுசாகப் பதுங்குகுழி வெட்டி முடிக்கவில்லை, இப்போது விட்டால் பிறகு கஷ்டம் என்பது காரணம். சீன ஆலோசகர்களும் அதையே சொன்னார்கள். ஜனவரி 14-ல் அதிகாரிகளுக்குத் திட்டம் விளக்கப்பட்டபோது யாருமே மறுத்துப் பேசவில்லை. தாக்குதல் 25-ம் தேதி என்று குறிக்கப்பட்டு, ஒரு நாள் தள்ளி 26 ஆனது.

தளபதி ஜெனரல் வோ நுயென் கியாப்புக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அவர் ராணுவக் கல்லூரியில் படித்தவர் இல்லை, பழைய சரித்திர வாத்தியார். ஒருவேளை அதனாலேயே 'முன்னாடி இப்படி நடந்தபோது என்ன ஆச்சு?' என்று கேட்கிற பழக்கம் இருந்திருக்கலாம் (இது என் ஊகம்தான்). அவர் மனசில் இருந்த சங்கடங்கள் மூன்று. இதுவரை தன் படை ஒரு பட்டாலியனைவிடப் பெரிய கோட்டையை உடைத்ததில்லை. 1952 கடைசியில் நா சான் என்ற இடத்தில் இதே மாதிரி ஒரு கோட்டையில் மோதி, நிறையப் பேரை இழந்து திரும்பினார்கள். இரண்டாவது, காலாட்படையும் பீரங்கியும் இவ்வளவு பெரிய அளவில் சேர்ந்து சண்டை போடுவது இதுதான் முதல் தடவை, ஒத்திகையே இல்லை. மூன்றாவது, பையன்கள் ராத்திரியில், காட்டில், மறைவில் சண்டை போட்டுப் பழகினவர்கள். இங்கே பகல் வெளிச்சத்தில், திறந்த வயல்வெளியில், டாங்கிக்கும் விமானத்துக்கும் எதிரே ஓடணும்.

அந்த நாட்களில் அவரிடம் வெளிப்படையாகச் சந்தேகம் சொன்னவர் ஒரே ஒருத்தர்தான், ஃபாம் கியெத் என்ற அதிகாரி. பீரங்கிகள் மறைவில்லாத இடத்தில் நிற்கின்றன, எதிரி திருப்பி அடித்தால் தாங்காது என்று போனில் சொன்னார். எல்லாரும் ஊம் கொட்டிய பிறகு ஒருத்தர் இப்படிப் பேசினால் நாம என்ன சொல்லுவோம்? 'நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே' என்போம். ஐ.டி. வேலையில் இருக்கிறவங்களுக்கு இது ரொம்பவே தெரியும். ரிலீஸ் தேதி மேலிடத்துக்குப் போய்விட்டால், அப்புறம் மீட்டிங்கில் யார் வாயும் திறக்காது. ஆனா அங்கே தவறினால் போவது உயிர். நம்ம பிழைப்பை அதோடு ஒப்பிடுவதே கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

25-ம் தேதி ராத்திரி கியாப்புக்குத் தூக்கமே இல்லை, தலைவலி. மருத்துவர் நெற்றியில் மாசிப்பத்திரி வகைத் தழையை வைத்துக் கட்டினார். மறுநாள் காலை அதே கட்டோடு சீன ஆலோசகர் வெய் குவோசிங்கைப் பார்த்து, இன்று தாக்கினால் தோற்போம் என்று சொல்லி, அவரைச் சம்மதிக்க வைத்தார். அப்புறம் தன் ஆட்களோடு கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர்கள் கோழைகளோ முட்டாள்களோ இல்லை. படையின் அரசியல் பொறுப்பாளர் லே லியெம் கேட்டார்: பையன்கள் மனசைத் தயார்படுத்தி உச்சத்தில் வைத்திருக்கிறோம், இப்போ அவங்ககிட்ட என்ன சொல்றது? உணவு, சரக்கு பார்த்துக்கொண்ட டாங் கிம் ஜியாங்கோ, இப்போ அடிக்காவிட்டால் அப்புறம் இத்தனை பேருக்குச் சோறு போட முடியாது என்றார். ரெண்டுமே நேர்மையான கேள்விகள். கியாப் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: வெற்றி நூற்றுக்கு நூறு நிச்சயமா?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். போரில் யாரால் நூற்றுக்கு நூறு உறுதி தர முடியும்? கணக்காகப் பார்த்தால் அந்தக் கேள்வி அநியாயம். யாராலும் 'ஆமா' சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டு விவாதத்தை முடித்துவிட்டார் என்றுகூடச் சொல்லலாம். கிளம்பும்போது ஹோ சி மின் அவரிடம் சொன்னது, ஜெயிப்பது உறுதி என்றால் மட்டும் அடி, இல்லாவிட்டால் அடிக்காதே என்பது. அதையே அவர் பிடித்துக்கொண்டார். என் எண்ணத்தில் அந்தக் கேள்விக்கு உள்ளே இருப்பது வேறு கேள்வி: உன் உயிரைப் பணயம் வைக்க 'ஒருவேளை' போதும், அடுத்தவன் பிள்ளையை அனுப்பவும் அதே 'ஒருவேளை' போதுமா? வீட்டில் சொல்கிற 'முன்வைத்த கால்' நம்ம சொந்தக் கால். தளபதி முன்வைப்பது அடுத்தவங்க காலை. அதனால் அந்தப் பழமொழியின் நியாயம் இங்கே அப்படியே செல்லாது என்று நினைக்கிறேன். தன் வாக்கைக் காப்பாற்றும் பெருமை அவருக்கு, விலை கொடுப்பது அவங்க.

வள்ளுவர் கண்டித்ததும் முன்னாடி யோசிக்காததைத்தான். தப்பு என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர்ந்து போ என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை.

ஆனா இதோடு விஷயம் முடியலை. தாக்குதலை நிறுத்தினால் உயிர் மிச்சம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். விளக்கம் எதுவும் சொல்லாமலே பீரங்கிப் படைக்கு உத்தரவு போனது, எல்லாத்தையும் திரும்ப வெளியே இழுங்க என்று. அதே மலை, அதே வடம், இந்தத் தடவை எதிரியின் குண்டு வேறு. பிப்ரவரி 1 ராத்திரி ஒரு சரிவில் வடம் அறுந்து, விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்று பள்ளத்தை நோக்கி உருளத் தொடங்கியது. தோ வின் தியென் என்ற வீரர் தன் உடம்பையே சக்கரத்துக்கு அடியில் போட்டு அதை நிறுத்தினார். பீரங்கி தப்பியது. அவர் பிழைக்கவில்லை.

அவர் இறந்தது பீரங்கியை உள்ளே கொண்டுபோகும்போது இல்லை, வெளியே கொண்டுவரும்போது. பல உயிரைக் காப்பாற்ற எடுத்த முடிவுக்கு முதலில் விலை கொடுத்தவர்களில் அவர் ஒருத்தர். அந்த முடிவின் காரணம் அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? கியாப் சரியாகத்தான் முடிவெடுத்தார் என்று நான் நம்புறேன். ஆனா சரியான முடிவும் யாரோ ஒருத்தர் மேலே ஏறித்தான் போகுது என்பதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனசு வரலை.

பின்வாங்கத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை எதிர்த்தரப்பில் பார்க்கலாம். மார்ச் 13-ல் கடைசியில் தாக்குதல் தொடங்கியதும், மலைக்குள் குடைந்து மறைத்திருந்த பீரங்கிகளை பிரெஞ்சுப் படையால் அடக்க முடியவில்லை. அவற்றை அடக்கிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்த பீரங்கித் தலைவர் கர்னல் பிரோத், ஒரு கையை ஏற்கெனவே போரில் இழந்தவர், ரெண்டு நாளில் கையெறிகுண்டால் தன்னையே மாய்த்துக்கொண்டார். மார்ச் கடைசியில் ஓடுதளம் செயலற்றுப் போனது. அதற்கப்புறமும், மே 6 வரைக்கும், பாராசூட்டில் ஆட்களை உள்ளே போட்டுக்கொண்டே இருந்தார்கள். அதில் நூற்றுக்கணக்கான பேர் அதற்கு முன் பாராசூட்டில் குதித்தே பழகாதவர்கள். மானம், தோழர்களைக் கைவிடக் கூடாது என்ற பாசம், ரெண்டும் உண்மைதான். மறுநாள் கோட்டை விழுந்தது. பிடிபட்ட 10,000-க்கு மேற்பட்டவர்களில் மிகப் பலர் வீடு திரும்பவே இல்லை.

அந்தக் கோட்டைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் பிரெஞ்சுக்காரர்களும் இல்லை. அல்ஜீரியர், மொராக்கோக்காரர், ஆப்பிரிக்கர், வியட்நாமியரே கூட இருந்தார்கள். நம்ம புதுச்சேரி, காரைக்கால் பக்கம் 'சொல்தா' குடும்பங்களில் சைகோன் என்ற பேர் இன்னும் அடிபடுவதைக் கேட்டிருப்பீங்க. அந்த 1954 நவம்பர் 1-ல்தான் புதுச்சேரி நிர்வாகமும் இந்தியா கைக்கு வந்தது.

கியாப்பைப் புனிதராக்கவும் வேண்டாம். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் குன்றுகளுக்காக நடந்த சண்டையில் அவர் படை பயங்கரமாக அடிபட்டு, பையன்கள் மனசே தளர்ந்துபோனது. வியட்நாம் தரப்புக் கணக்கே 4,000 பேருக்கு மேல் இறந்ததாகச் சொல்கிறது, மேலை நாட்டவர் மதிப்பீடு அதைவிட அதிகம். நிச்சயம் வேண்டும் என்று கேட்டவருக்கும் நிச்சயம் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் யோசிச்சுப் பாருங்க. அவர் தள்ளிப்போட்ட ஆறு வாரத்தில் பிரெஞ்சுப் படை கோட்டையைக் காலி செய்து விமானத்தில் பறந்திருந்தால்? மழை முன்னாடியே வந்து சோறு இல்லாமல் படை கலைந்திருந்தால்? இன்றைக்கு அதே கியாப்பை 'கையில் கிடைத்ததைத் தயங்கி விட்டவர்' என்றுதான் எழுதியிருப்பார்கள். முடிவு ஒன்றே, நடந்ததை வைத்து நாம பேரை மாற்றுகிறோம். அன்று காலை அவர் கையில் இருந்தது அந்த மூன்று சங்கடங்களும், ஃபாம் கியெத்தின் ஒரு போனும்தான். மே 7 அவருக்குத் தெரியாது. தன் படைவாழ்க்கையில் எடுத்த மிகக் கடினமான முடிவு அதுதான் என்று பிற்காலத்தில் எழுதினார். 2013-ல், 102 வயதில் காலமானார்.

தோ வின் தியெனின் சமாதி தியன் பியன் பூவிலேயே, பெரிய சண்டை நடந்த ஒரு குன்றின் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வரிசை வரிசையாக இருக்கும் கல்லறைகளில் பெரும்பாலானவற்றில் பேர் கிடையாது. பேர் தெரிந்த சிலரில் அவரும் ஒருத்தர்.