சௌகரியம் யாருக்கு?

யந்திரங்களைத் திட்டி எழுதுவது எழுத்தாளர்களுக்குச் சுலபமான காரியம். அந்தக் கூட்டத்தில் சேர எனக்கு விருப்பமில்லை. பாங்கியில் பித்தளை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிடும்வரை பெஞ்சில் காத்துக் கிடந்ததை மறந்தவர்கள்தாம் பழைய நாட்களைப் பொற்காலம் என்பார்கள். அதே பணம் இப்போது நள்ளிரவிலும் கிடைக்கிறது. சந்தோஷம்தான். ஆனாலும், சௌகரியம் என்று சொல்லிக்கொண்டு வருகிற எதையும், 'யாருக்குச் சௌகரியம்?' என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரில் 1916-ஆம் ஆண்டு கிளாரன்ஸ் ஸாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற மளிகைக் கடையைத் திறந்தார். அதுவரை, கேட்ட சாமானைக் கடைச் சிப்பந்தி எடுத்துக் கொடுப்பதே வழக்கம். ஸாண்டர்ஸ் வாடிக்கைக்காரர் கையில் கூடையைக் கொடுத்து, அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சிப்பந்திக் கூலி மிச்சமாயிற்று; சாமான் விலையும் குறைந்தது. வேலையில் பாதியை நாம் செய்தோம். லாபத்தில் ஒரு பங்கு நமக்கும் வந்தது. அதில் ஒரு நியாயம் இருந்தது. பிற்பாடு பில் போடும் வேலையையும் யந்திரத்தின் பெயரால் வாடிக்கைக்காரர் தலையிலேயே கட்டினார்கள். அது முரண்டு பிடித்தால் ஆளைத் தேடி ஓடுவதும் அவர் வேலைதான். இங்கிலாந்தில் 'பூத்ஸ்' கடைக்காரர்கள் 2023-இல் தங்கள் கடைகளில் பெரும்பாலானவற்றிலிருந்து அந்த யந்திரங்களை எடுத்துவிட்டு, மறுபடியும் மனிதர்களிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள்.

வேலை கைமாறியதைக்கூட நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். என் மனசை உறுத்துவது வேறு.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், கணவர் காலமான செய்தியைத் தெரிவிக்க ஒரு பாங்கிக்கு டெலிபோன் செய்தாள். பதிவு செய்த குரல் இனிமையாகத்தான் பேசியது. இருப்புத் தொகை அறிய ஓர் எண், காசோலைப் புத்தகம் வேண்டுமானால் ஓர் எண், கார்டு தொலைந்துபோயிருந்தால் ஓர் எண். கார்டு தொலைந்தால் அழுத்துவதற்கு எண் இருந்தது. கணவர் போய்விட்டால் அழுத்துவதற்கு எண் இல்லை. மூன்று நாள் முயன்றபின் அவளுக்கு ஒரு மனிதக் குரல் கிடைத்தது.

டெலிபோன் இணைப்பை ஆளில்லாமல் கொடுக்கும் யந்திரத்துக்கு 1891-இல் காப்புரிமை பெற்ற ஆல்மன் ஸ்ட்ரோஜர், கான்ஸாஸ் நகரில் ஈமக் காரியங்களை நடத்திக் கொடுக்கும் தொழில் செய்தவர். தமக்கு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுவதாக அவர் சந்தேகப்பட்டார் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியானாலும், அதற்குள் இருக்கும் ஆசை நியாயமானது. யந்திரத்துக்கு வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது.

ஆனால் நியாயம் அதோடு முடிந்துவிடுகிறதா? எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பது பாதி நியாயம். அவரவர் சொல்வதைக் கேட்பது மற்றப் பாதி. முதல் பாதியை யந்திரம் நம்மைவிட நன்றாகவே செய்யும். மற்றதற்குக் காது வேண்டும். பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டதும், "இரும்மா, உள்ளே விசாரித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து போகிற கால் வேண்டும். பழைய குமாஸ்தா சிடுமூஞ்சியாகவே இருக்கட்டும். 'முடியாது' என்பதை எதிரே நிற்கும் முகத்தைப் பார்த்து அவர் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சங்கடமே பல நாள் முடியாத காரியத்தை முடித்து வைத்திருக்கிறது.

பழி யந்திரத்தின் மேல் இல்லை. அதற்குப் பின்னால் போதுமான ஆட்கள் வேண்டாம் என்று தீர்மானித்தவரும் ஒரு மனிதர்தான். செலவு மிச்சம் என்று அவர் கணக்கு எழுதினார். அந்த அம்மாளின் மூன்று நாள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

கடைசியில் எங்கிருந்தோ ஒரு பையனோ பெண்ணோ பேசக் கிடைக்கும்போது நாம் செய்வதென்ன? யந்திரத்தின்மேல் சேர்த்து வைத்த கோபத்தையெல்லாம், மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையின் தலையில் கொட்டுகிறோம். தீர்மானித்தவர் காதில் அது விழுவதில்லை. ஒருவேளை, அவருக்குக் கிடைத்த பெரிய சௌகரியமே அதுதானோ என்னவோ!