அழுகிய கீரைக்கட்டு

சீடன்: சுவாமி, வீட்டில் ஒரு வழக்கு. வீண்செலவைக் குறைக்கச் சொல்கிறாள் மனைவி. எங்களுக்குக் கடன் இல்லை. மாதாமாதம் சேமிப்பும் தனியாகப் போகிறது. முடிகிறவன் ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்டேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

குரு: எந்தச் செலவை வைத்து வழக்கு?

சீடன்: முதலில் ஏ.சி. 18-ல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குவேன்.

குரு: குளிரைக் காசு கொடுத்து வாங்குகிறாய். அது மேலே படாமலிருக்கக் கம்பளியும் வாங்குகிறாய். உனக்கு மிஞ்சியது என்ன?

சீடன்: தூக்கம்தான் சுவாமி.

குரு: அது 24-லும் வந்திருக்கும். ஒரு டிகிரி கூட்டி வைத்தாலே சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது.

சீடன்: இருக்கட்டும். பில் கட்டுவது நான்தானே? என் பணம், என் விருப்பம்.

குரு: முழுவதையும் நீயா கட்டுகிறாய்? தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்தத் தொகையை அரசு கொடுக்கிறது. உன் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரியும் அதில் சேர்த்தி. சோற்றையும் எண்ணிப் பார். ஒரு கிலோ நெல் விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் வேண்டும். அரிசியின் விலையைக் கடைக்காரரிடம் கொடுத்தாய். ஆற்றின் விலையை யாரிடம் கொடுத்தாய்?

சீடன்: ஆனால் நான் வாங்கினால்தானே நாலு பேர் பிழைப்பார்கள்?

குரு: வாங்கியதில் கடைக்காரர் பிழைத்தார், சரி. எறிந்ததில் யார் பிழைத்தார்? கைப்பிடி உடைந்த மிக்சி ஜாரைப் பரணில் போட்டுவிட்டுப் புது மிக்சி வாங்குகிறாய். ஜாரைச் சரிசெய்து தருகிறவரும் தெருமுனையில் கடை போட்டுத்தானே பிழைக்கிறார்?

சீடன்: இப்படிக் கணக்குப் பார்த்தால் கஞ்சன் என்று பெயர் வராதா? இது இல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டிய பாடம் அல்லவா?

குரு: இல்லாதவனுக்கு இந்தப் பாடம் எதற்கு? வீணாக்க அவனிடம் என்ன இருக்கிறது? வரவு சிறிதானாலும் செலவு விரியாதவரை கேடில்லை என்ற கருத்தை வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்தார். அது அரசனுக்குச் சொன்ன அதிகாரம். கஜானா உள்ளவனுக்குத்தான் அந்த எச்சரிக்கை. பூட்டி வைத்துக்கொண்டு யாருக்கும் உதவாதவனுக்கு 'நன்றியில் செல்வம்' என்று வேறோர் அதிகாரம் இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பாதே. கஞ்சன் விருந்தாளிக்குக் காபி கொடுக்கக்கூட யோசிப்பான். சிக்கனம் தெரிந்தவன் இரண்டாவது டம்ளரும் ஊற்றுவான். யாருக்கும் பயன்படாததை மட்டும் நிறுத்துவான்.

சீடன்: அது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கணக்கு நோட்டுப் போடட்டுமா?

குரு: நோட்டில் செலவு தெரியும். அதில் எது வீண் என்று குப்பைக்கூடைதான் சொல்லும். நேற்று உன் வீட்டுக் கூடையில் என்ன கிடந்தது?

சீடன்: ஓர் அரைக்கீரைக் கட்டு. ஞாயிற்றுக்கிழமை வாங்கியது. ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் பையோடு மறந்துபோயிற்று. எடுத்தபோது இலையெல்லாம் கறுத்து, பைக்குள் தண்ணீர் விட்டிருந்தது. வாழைநாரின் முடிச்சு மட்டும் அவிழாமல் இருந்தது.

குரு: என்ன விலை?

சீடன்: கீரைக்கார அம்மா 20 ரூபாய் சொன்னார்...

குரு: நீ?

சீடன்: 15-க்குக் கேட்டு வாங்கினேன்.

குரு: அந்த அம்மா வயிற்றில் 5 ரூபாய் அடித்தாய். மீதி 15 ரூபாயைக் குப்பையில் போட்டாய். முடிகிறவன் என்றாயே, உன்னால் முடிந்தது இதுதானா?

(சீடன் வெகுநேரம் பேசவில்லை.)

சீடன்: இனி வீணாக்காமல் இருக்கிறேன் சுவாமி. மிச்சமாகும் பணத்தை என்ன செய்வது?

குரு: சமைக்கிற அன்றைக்குக் கீரை வாங்கு. அந்த அம்மா சொல்கிற விலையைக் கொடு.