கண்டது போதுமா?

'கண்ணாற் கண்டேன்' என்று ஒருவன் சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வியில்லை என்பது நம்மவரிற் பலருடைய எண்ணம். அவ்வெண்ணம் சரிதானா என்று அன்பர்கள் சிறிது யோசிக்க வேண்டும்.

சென்ற விடுமுறையில், சர்வகலாசாலையிற் கணிதம் பயிலும் என் தமக்கை மகள் பூச்சோங்கிலுள்ள எம் வீட்டிற்கு வந்திருந்தாள். இக்காலத்து மாணவர் சூத்திரங்களை நெட்டுருச் செய்வதோடு நிற்பதில்லை. கணினியில் எண்களை இட்டுச் சோதித்து, விளையும் கோலங்களைத் திரையிற் கண்டு கற்கின்றனர். அவள் ஒரு விதியைக் காட்டி, "மாமா, ஆயிரம் எண்களுக்குப் பார்த்துவிட்டேன், ஒன்றிலும் தவறவில்லை. இனி நிரூபணம் எதற்கு?" என்றாள். நான் கிராணி, கணித வல்லவன் அல்லன். ஆயினும் அக்கேள்வியை என்னால் ஒதுக்க முடியவில்லை.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்திற் குமாஸ்தாவாய் அமர்ந்த இராமாநுஜன் கதையை அவளுக்குச் சொன்னேன். நான்கு இரப்பர்க் கொட்டைகளைக் குவியல்களாகப் பிரிக்க எத்தனை வழி? நான்கும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனியாக, ஆக ஐந்து. ஒன்பதற்கு 30 வழி, பதினான்கிற்கு 135. இருநூற்றுக்கோ ஏறத்தாழ நான்கு இலட்சங் கோடி! மேஜர் மாக்மகன் என்பார் 200 வரை கையாலேயே கணக்கிட்டு அட்டவணை செய்தார். அதனை உற்று நோக்கிய இராமாநுஜன், 4, 9, 14 என ஐந்தைந்தாய் ஏறும் எண்களுக்குரிய விடைகள் யாவும் ஐந்தால் மிச்சமின்றி வகுபடுவதைக் கண்டார்; 1919-ல் அதை நிரூபித்தும் காட்டினார்.

ஐந்து, ஏழு, பதினொன்று ஆகியவற்றின் அடுக்குகளுக்கும் இத்தகைய விதி உண்டென்று அவர் அனுமானித்தார். அட்டவணையில் ஒரு வரியும் அதை மறுக்கவில்லை. 1920-ல் அவர் மறைந்தார். பின்னர் ஹன்ஸ்ராஜ் குப்தா அட்டவணையை 300 வரை நீட்டினார். 1934-ல் சௌலா அதனை ஆராய்ந்தபோது, 243-க்குரிய விடை 343-ஆல் வகுபட வேண்டியிருக்க, வகுபடாமை வெளிப்பட்டது. பழைய அட்டவணை முடிந்தது 200-ல். பிழை இருந்தது 243-ல்! ஏழுக்குரிய விதியைத் திருத்தி வாட்சன் 1938-ல் நிரூபித்தார்.

இதனால் நமக்கென்ன என்பீர்கள். முன்பு நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், பதினொரு மாதம் செக்ரோல் கணக்குப் பிசகாமல் வந்தது. பன்னிரண்டாம் மாதம் சரிபாராமலே கையெழுத்திட்டேன். ஒரு மூதாட்டிக்கு இரண்டு நாட் பேர் விடுபட்டுப்போயிற்று. "கிராணி ஐயா கணக்குத் தப்பாது" என்று அவர் கொடுத்ததை வாங்கிச் சென்றார். அவருடைய பேத்தி வந்து நாட்களை எண்ணிக் காட்டிய பிறகே உண்மை விளங்கிற்று. மறுமாதம் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தேன். ஆனால் அம்முதியவர் முகத்தை நேரே பார்க்க எனக்கு வெகுநாள் கூசிற்று. அவர் என்னை நம்பியதும், நான் கணக்கை நம்பியதும் ஒரே காரணத்தால்: இதுவரை தவறவில்லை என்பதே அது.

சோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. அட்டவணை இல்லையேல் இராமாநுஜனுக்கு அவ்விதி தோன்றியிராது. கணினியும் மாணவர்க்கு அத்தகைய உதவியே செய்கிறது. ஆனால் கண்டது கேள்வியை எழுப்பலாம். 'ஏன்' என்பதற்கு விடை கிடைக்குமளவும் அது அறிவாகாது. முன்னோர் சொன்னார் என்று நம்புவதைக் கண்டிக்கும் நாம், யந்திரம் காட்டிற்று என்று நம்பினால் நம் பகுத்தறிவு எங்கே? அதிலும் பிறருடைய கூலி நம் கையெழுத்தைப் பொறுத்திருக்குமாயின், 'இதுவரை' என்ற சொல்லை நம்பி உறங்குவது குற்றமேயாகும்.

தமக்கை மகள் கணினியை மூடிவிட்டுத் தாளும் பென்சிலும் கேட்டாள்.

— ஒரு தோட்டத்துக் கிராணி, பூச்சோங்